வேலைக்குச் சோறு, படுக்க ஒரு ஷெட்: தொட்டபள்ளாபுரம் டைரி

நவம்பர் 27, 2024, புதன்

பழைய ஆபீஸ்ல கணக்கு முடிச்சாச்சு, புது ஆபீஸ்ல டிசம்பர் 9 சேரணும், நடுவுல கோவா போ கோகர்ணா போன்னு ஆளாளுக்கு ஐடியா குடுத்தாங்க, நான் கிளம்பினது பெங்களூரு பக்கத்து தொட்டபள்ளாபுரத்துக்கு. அங்க ஒரு இயற்கை விவசாயத் தோட்டம் இருக்கு. தினம் அஞ்சு மணி நேரம் போல வேலை செய்யணும், மூணு வேளை சாப்பாடும் தங்க இடமும் அவங்க பொறுப்பு, காசு ரெண்டு பக்கமும் கை மாறாது. அல்சூர்ல எங்க பாட்டிகிட்ட சொன்னேன். "உங்க தாத்தா களை பிடுங்குற கூலி வேலைய விட்டுட்டுத்தான் திருப்பத்தூர்ல இருந்து ரயிலேறி இங்க வந்தாரு, நீ இப்ப சோத்துக்கு களை பிடுங்கப் போறியாடி"ன்னு கேட்டுச்சு. பதில் சொல்லாம பையை எடுத்துட்டு வந்துட்டேன், ஆனா அந்தக் கேள்வி கூடவே பஸ் ஏறிடுச்சு.

இது புதுசா கண்டுபிடிச்ச ஐடியா எல்லாம் இல்ல. 1971ல லண்டன்ல செக்ரட்டரி வேலை பார்த்துட்டிருந்த சூ காப்பர்டுன்னு ஒரு அம்மா, நம்மள மாதிரி சிட்டியில அடைஞ்சு கிடக்குறவங்க கிராமத்துப் பக்கம் போக ஒரு வழி வேணும்னு, வார இறுதியில சசெக்ஸ்ல ஒரு பண்ணைக்கு சில பேரைக் கூட்டிட்டுப் போனாங்க. அதுதான் இன்னைக்கு வூஃப்னு உலகம் பூரா பரவிக் கிடக்கு, இந்தியாவுலயும் இருக்கு. நம்மாளுங்க நிறைய பேர் இந்த மாதிரி வாலண்டியர் கூட்டத்தை முதல்ல பாத்தது ஆரோவில் பக்கத்து சாதனா ஃபாரஸ்ட்லதான் இருக்கும், 2003ல இருந்து மரம் நட்டுட்டிருக்காங்க. நான் வந்திருக்குற இடம் அவ்ளோ பெருசு இல்ல, ஏழு ஏக்கர், தெரிஞ்சவங்க சொல்லி ஃபோன் நம்பர் கிடைச்சது.

பெங்களூரு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுல பஸ். ஆதார் காட்டினா ஜீரோ டிக்கெட், 2023 ஜூன்ல இருந்து கர்நாடகாவுல பொம்பளைங்களுக்கு சாதா பஸ் ஃப்ரீதான், அதனால இந்தப் பயணத்துக்கு நான் போட்ட மொத்த முதலீடு ஒரு ஜோடி கம்பூட்டும் ஓடோமாஸும். யெலஹங்கா, ராஜானுகுண்டே தாண்டி தொட்டபள்ளாபுரம், தறிச் சத்தம் கேக்குற ஊரு, அங்க இறங்கி காட்டி சுப்ரமண்யா கோயில் போற ரோட்ல இன்னொரு பஸ். மாகளிதுர்கா மலை தெரிய ஆரம்பிச்சப்புறம் ஒரு மண் ரோட்ல நடை. பக்கத்து நிலத்துல எல்லாம் தைல மரம். தண்ணிய உறிஞ்சுதுன்னு 2017லயே புதுசா நடக் கூடாதுன்னு கவர்மெண்ட் சொல்லிடுச்சு, ஏற்கனவே நட்டது வெட்ட வெட்ட துளிர்த்துட்டே இருக்கு.

ஷெட்ல மூணு கட்டில். ஒண்ணு எனக்கு, ஒண்ணு மைசூர்ல அக்ரி படிச்சுட்டிருக்குற ஒரு மலையாளிப் பொண்ணுக்கு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரப் பையன். ஓனர் முன்னாடி டெலிகாம் எஞ்சினியர், அம்பது வயசு இருக்கும், சார்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டாரு, அண்ணான்னா திரும்புறாரு. அவரோட அம்மாவ எல்லாரும் அஜ்ஜி, அதாவது பாட்டின்னுதான் கூப்பிடுறாங்க. அடுப்பு அவங்க ராஜ்ஜியம்.

நவம்பர் 28, வியாழன்

அஞ்சே முக்காலுக்கு எழுப்பிட்டாங்க. பனின்னா பனி, பத்தடி தள்ளி நிக்கிற மாடு தெரியல. காப்பி குடிச்சிட்டு ஆறே காலுக்கு காய்கறிப் பாத்தியில களை.

இங்கதான் அக்காவப் பத்தி சொல்லணும். அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் ஊத்தங்கரை பக்கம், இந்தத் தோட்டத்துலயே ஆறேழு வருஷமா குடும்பத்தோட இருக்காங்க. நான் தமிழ்னு தெரிஞ்சதும் "எந்த ஊரு பாப்பா"ன்னாங்க, அல்சூர்னு சொன்னேன், "அது இல்ல, சொந்த ஊரு"ன்னாங்க, திருப்பத்தூர்னதும் முகமெல்லாம் சிரிப்பு, பஸ்ஸுல ஒண்ணரை மணி நேரம் கூட இல்லயாம் அவங்க ஊர்ல இருந்து. அப்புறம் களைக்கொத்த எடுத்துட்டு உக்காந்தாங்க பாருங்க. நாங்க மூணு பேரு சேர்ந்து ஒரு பாத்தியில பாதி முடிக்கிறதுக்குள்ள அவங்க நாலு பாத்தி முடிச்சு வரப்புல உக்காந்து வெத்தலை போட்டுட்டிருந்தாங்க. வேகம் மட்டும் இல்ல, எங்க கை படுற இடத்துல கேரட் நாத்தும் சேர்ந்து வந்துடுது, அவங்க கை மட்டும் எப்படியோ கோரைய மட்டும் கிழங்கோட பிடிச்சு இழுக்குது. கோரைய மேலோட பிய்ச்சா ஒண்ணு ரெண்டாகும்னு சொல்லிக் குடுத்தாங்க, பிரெஞ்சுக்காரனுக்கு அத நான் மொழிபெயர்த்தேன், அவன் பயபக்தியா தலையாட்டிட்டு மறுபடி மேலோட பிய்ச்சான்.

களை எடுத்த இடத்துல மூடாக்கு போடணும், அதாவது காஞ்ச இலை, வைக்கோல், வெட்டின களை எல்லாத்தையும் மண் தெரியாம பரப்பிடுறது. வெயில் நேரா மண்ணுல படாது, ஈரம் நிக்கும், மண்புழு மேல வரும், அடுத்த களை முளைக்க வெளிச்சம் கிடைக்காது. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராப் போய் சொன்னதுல பாதி இதுதான். இங்க போர்வெல் ஆயிரத்து நூறு அடி, த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரி ஒரு மணிக்கு மேலதான் வருது, அந்த நேரத்துல எழுந்து வால்வு மாத்துறது அண்ணன், அதாவது அக்கா வீட்டுக்காரர். மூடாக்கு போட்ட பாத்திக்கு ரெண்டு தடவை எழுந்திருக்குற இடத்துல ஒரு தடவை போதும்னாரு. தண்ணி சேமிப்புன்னு படிச்சா மண்டையில ஏறாது, தூக்கம் சேமிப்புன்னு சொன்னா ஏறுது.

ஒம்பது மணிக்கு அக்கி ரொட்டி. அப்புறம் ஜீவாமிர்தம் கலக்குற வேலை, சுபாஷ் பாலேகர் பரப்பின முறை. இருநூறு லிட்டர் ட்ரம்ல தண்ணி, பத்து கிலோ நாட்டு மாட்டுச் சாணி, அஞ்சு பத்து லிட்டர் கோமியம், ரெண்டு கிலோ வெல்லம், ரெண்டு கிலோ பயறு மாவு, வரப்போரத்து மண்ணு ஒரு பிடி. இங்க கொள்ளு மாவு போடுறாங்க. நிழல்ல வெச்சு தினம் ரெண்டு மூணு தடவை குச்சியால கலக்கணும், ரெண்டு மூணு நாள்ல பொங்கி நுரைச்சு வரும், ஒரு ஏக்கருக்கு ஒரு ட்ரம் பாசனத் தண்ணியோட விடுவாங்க. இது உரம்னு நினைச்சா தப்பு, இத்தனை சாணியில ஒரு ஏக்கருக்கு என்ன சத்து வந்துடப் போகுது, நுண்ணுயிர் பெருகத்தான் வெல்லமும் மாவும்ங்குறது இதப் பண்றவங்க கணக்கு. விஞ்ஞானிங்க எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயமும் இல்ல இது. ஓனரே தொழுவுரமும் பயறு வகை ஊடுபயிரும் இல்லாம வெறும் ட்ரம்ம நம்பி நான் இறங்க மாட்டேன்னாரு.

பதினொண்ணரைக்கு எங்க வேலை முடிஞ்சது, அக்காவுக்கு முடியல. நான் குளிச்சு துணி துவைச்சு ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்து பாத்தா இன்னும் பீன்ஸ் பறிச்சுட்டிருக்காங்க.

நவம்பர் 29, வெள்ளி

இன்னைக்கு ராகிக் காட்டுக்குப் போனோம். மூணு ஏக்கர் ராகி, பாதிக்கு மேல அறுத்து அப்படியே வரிசையா நிலத்துல காயப் போட்டிருக்கு. சுத்துப்பட்டுல எல்லா நிலத்துலயும் இதே கோலம்தான். நடுநடுவுல அக்கடி சாலு, எட்டு பத்து வரிசை ராகிக்கு ஒரு வரிசை அவரை துவரை ஆமணக்கு கடுகுன்னு கலந்து விடுறாங்க. ராகி டிசம்பர்ல வீட்டுக்கு வந்துடும், அவரை ஜனவரி வரைக்கும் காய்க்கும், துவரை அதுக்கும் அப்புறம். மழை ஏமாத்தினாலும் ஏதோ ஒண்ணு கைக்கு வரும்னு பாட்டன் காலத்துல போட்ட ஏற்பாடு. டிராக்டர் விட்டு ஒரே பயிர் போடுறவங்க இத விட்டுட்டாங்க, மெஷின்ல அறுக்க இடைஞ்சலா இருக்குன்னு.

அறுக்க ஆறு பொம்பளைங்க பக்கத்து ஊர்ல இருந்து கூலிக்கு வந்திருந்தாங்க. ஒரு நாளைக்கு நானூறு, காப்பி, மத்தியானச் சாப்பாடு. ஆம்பளைக்கு எழுநூறு. ஏன் இந்த வித்தியாசம்னு கேட்டேன், "கட்டு தூக்குறது அவங்க"ன்னு ஒரு அம்மா சொன்னாங்க, பக்கத்துல இருந்த இன்னொரு அம்மா "எவன் தூக்கினான், நேத்தும் நான்தான் தூக்கினேன்"ன்னாங்க, எல்லாரும் சிரிச்சாங்க, கூலி மட்டும் மாறல.

எனக்கும் கதிர் அருவா குடுத்தாங்க. எனக்குன்னு ஒரு வரிசை. அவங்க வரிசையெல்லாம் காட்டோட அந்தக் கடைசி போயிடுச்சு, என் வரிசை மட்டும் நடுவுல நின்னுட்டிருந்துச்சு. அங்க நின்னுதான் பாட்டி கேட்ட கேள்விய வேற மாதிரி ஓனர்கிட்ட கேட்டேன், நாங்க ஃப்ரீயா செய்யுறதால இவங்க கூலி போகுதான்னு. அவரு கோவப்படல. நீ இன்னைக்கு அறுத்ததுக்கு கூலி போட்டா அறுபது ரூபா தேறுமா, நீ சாப்பிடுறதே அதுக்கு மேல, உன்னால எனக்கு லாபம்னு நினைச்சா உன் கணக்கு தப்புன்னாரு. அப்ப எதுக்கு கூப்பிடுறீங்கன்னேன். சனிக்கிழமை தோறும் பெங்களூருக்கு காய்கறிப் பை அனுப்புறாரு, வாங்குறவங்கள்ல பாதிப் பேரு இங்க வந்து முதுகு வலியோட திரும்பினவங்களாம். அவங்க மட்டும்தான் கேரட் கோணலா இருக்கு, கீரையில ஓட்டை இருக்குன்னு ஃபோன் பண்ண மாட்டாங்களாம்.

நேர்மையான பதில்தான். ஆனா எல்லா இடமும் இப்படி இல்ல. பிரெஞ்சுக்காரன் இதுக்கு முன்னாடி வேற நாட்டுல ஒரு பண்ணையில இருந்தானாம், எட்டு மணி நேரம் பெர்ரி பறிக்கிறது, சம்பளத்துக்கு ஒரு ஆள் கூட கிடையாது, பத்துப் பன்னெண்டு வாலண்டியர் வெச்சே மொத்த சீசனும் ஓட்டிட்டாங்களாம். அது பரிமாற்றம் இல்ல, கூலி மிச்சம் பிடிக்கிற வேலை. பண்ணையில சம்பளத்துக்கு யாரு இருக்காங்க, வாலண்டியர் இல்லாத மாசம் இந்த வேலைய யாரு செய்வாங்கன்னு ரெண்டே கேள்வி கேட்டா முன்னாடியே தெரிஞ்சுடும்.

ராத்திரி முத்தேயும் சொப்பு சாரும், அதாவது ராகிக் களியும் கீரைக் குழம்பும். முத்தேய மெல்லக் கூடாது, சாருல புரட்டி முழுங்கணும். பிரெஞ்சுக்காரன் மென்னுட்டான். அஜ்ஜி அவனப் பாத்த பார்வை இருக்கே.

சாப்பிட்டுட்டு சர்டிஃபிகேட் பத்தி பேச்சு வந்துச்சு. ஏற்றுமதிக்குன்னா என்பிஓபின்னு மத்திய அரசு இயற்கை விளைபொருள் திட்டத்துச் சான்று வேணும், வருஷப் பயிருக்கு ரெண்டு வருஷம், மரப் பயிருக்கு மூணு வருஷம் ரசாயனம் படாம மாறுகாலம் காட்டணும், இன்ஸ்பெக்ஷன் ஃபீஸ் எல்லாம் சின்ன விவசாயிக்குக் கட்டுபடி ஆகாது. அதனால இவங்க பிஜிஎஸ், பக்கத்துப் பக்கத்து விவசாயிங்க குறைஞ்சது அஞ்சு பேரு ஒரு குழுவாச் சேர்ந்து ஒருத்தர் நிலத்த ஒருத்தர் சோதிச்சு கையெழுத்துப் போடுற முறை. ஊருக்குள்ள பொய் சொன்னா மறுநாளே தெரிஞ்சுடும், அதான் அதோட பலம்னாரு. இந்தப் பக்கம் இயற்கை விவசாயம்னு பேச்செடுத்தாலே நாராயண ரெட்டி பேரு வந்துடுது. தொட்டபள்ளாபுரத்துக்காரர், 2019ல காலமாயிட்டாரு. இவரு வேலைய விடுறதுக்கு முன்னாடி அவரு தோட்டத்துக்குத்தான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய்ட்டிருந்தாராம்.

படுக்கப் போறப்ப எல்லார் ஃபோன்லயும் ஒரே நியூஸ், வங்கக் கடல்ல புயல்.

நவம்பர் 30, சனி

காலையில ஏழு மணிக்கு ஓனர் வந்தாரு, களை கிளை எல்லாம் மூட்டை கட்டுங்க, எல்லாரும் ராகிக் காட்டுக்குன்னாரு. ஃபெஞ்சல் புயல் இன்னைக்குப் புதுச்சேரி பக்கம் கரையேறுது, நாளைக்கு இங்க மழை. அறுத்துப் போட்ட ராகி நனைஞ்சா கதிர்லயே முளை விட்டுடும், இல்ல கருத்துடும், தாளும் மாட்டுக்கு ஆகாது.

கூலிக்கு ஆள் கிடைக்கல. கிடைக்காது, அவங்க அவங்க காட்டுலயும் இதே பிரச்சனைதான. நேத்து வந்த ஆறு பேர்ல ரெண்டு பேர் வந்தாங்க, அவங்களுக்கு எழுநூறு ரூபா பேசினாரு. அப்ப பொம்பளைங்களுக்கும் எழுநூறு குடுக்க முடியும், புயல் வந்தா.

வேலை இதான். காஞ்ச தாள வாரி, அதே தாள்ல ஒரு பிடி எடுத்து முறுக்கிக் கயிறாக்கி, கட்டாக் கட்டி, களத்துக்கு தூக்கிட்டு வந்து போர் போடணும். முறுக்குறது எனக்கு வரவே இல்ல, தூக்குறது வந்துச்சு. பிரெஞ்சுக்காரன் ரெண்டு ரெண்டு கட்டா தலையில வெச்சு ஓடினான், முந்தாநாள் கோரைய பிச்சுட்டிருந்தவனா இவன்னு இருந்துச்சு. மலையாளிப் பொண்ணு உயரத்துல நின்னு கட்ட வாங்கிக் குடுத்தா. போர் போடுறது மட்டும் அண்ணன் ஒருத்தர்தான், வேற யாரையும் ஏற விடல. அடியில கல்லும் பழைய கட்டையும் பரப்பி, கதிர் எல்லாம் உள்பக்கம், தாள் அடி வெளிப்பக்கம், ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள இழுத்து, கடைசியில உச்சி கூம்பா முடியணும். தண்ணி விழுந்தா தாள் வழியா வெளிய ஓடிடும், கதிர் கிட்ட போகாது. டார்பாலின் அதுக்கு மேலதான், அது ஒரு ஆறுதலுக்கு. போர் ஒழுங்கா இருந்தா டார்பாலின் வேணாம், போர் சரியில்லன்னா டார்பாலினால புண்ணியம் இல்லன்னாரு அண்ணன்.

மத்தியானச் சோறு வரப்புலயே. அஞ்சு மணி நேரம்ங்குற பேச்ச யாரும் எடுக்கல, நானும் எடுக்கல. இருட்டி டார்ச் அடிச்சு கடைசிக் கட்டு ஏத்தினப்ப எட்டு மணி ஆச்சு. கையெல்லாம் தாள் கீறல், சோப்பு பட்டதும் உயிர் போச்சு. எங்களுக்கு உண்மையாவே வேலை இருந்தது இன்னைக்குத்தான். அறுக்கத் தெரியலன்னாலும் முறுக்கத் தெரியலன்னாலும் தூக்க ஒரு தலை வேணும்னு ஒரு நாள் வருது. அந்த ஒரு நாளைக்காக மத்த நாள் எல்லாம் எங்களுக்கு சோறு போடுறாரோன்னு கூட தோணுச்சு.

டிசம்பர் 1, ஞாயிறு

மழை. பெருசா இல்ல, நசநசன்னு, குளிரு எலும்புல ஏறுது. ஷெட்ல உக்காந்து நாள் பூரா அவரைக்காய் உரிச்சோம். பனி விழுந்த அவரைக்குத்தான் அந்த வாசம், விரல்ல ஒட்டுன பிசுக்கு ரெண்டு நாளைக்குப் போகாது. கொட்டைய ஊறப் போட்டு ஒவ்வொண்ணா பிதுக்கி தோல எடுத்தா பிதுக்கு பருப்பு, அஜ்ஜியும் அக்காவும் எதிரெதிரா உக்காந்து போட்டி போட்டுப் பிதுக்குறாங்க, அஜ்ஜி கன்னடத்துல வம்பு பேசுது, அக்கா தமிழ்ல பதில் சொல்லுது, ரெண்டும் ஒண்ண ஒண்ணு நிறுத்திக் கேட்டு நான் பாக்கல.

புதுச்சேரியில கிட்டத்தட்ட 48 சென்டிமீட்டர் மழைன்னு நியூஸ். புயல் நகராம அங்கயே நிக்குதாம். அக்கா ஊருக்கு ஃபோன் போட்டாங்க, இங்கயும் பலமா இருக்கு, கூரை ஒழுகுது, வேற ஒண்ணும் இல்லன்னு அவங்கம்மா சொன்னாங்க.

டிசம்பர் 2, திங்கள்

காலையில அக்கா ஃபோன் எடுத்தா லைன் போகல. எட்டு மணிக்கு மேல வீடியோ வர ஆரம்பிச்சது. ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல நிறுத்தி வெச்சிருந்த வேன் எல்லாத்தையும் தண்ணி ரோட்டுல இழுத்துட்டுப் போகுது. ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர். கடலே இல்லாத ஊரு அது, புயல் வந்து அங்க கொட்டும்னு யாரு எதிர்பார்த்தா. அக்கா அந்த வீடியோவ திரும்பத் திரும்ப போட்டுப் பாத்துட்டே இருந்தாங்க, வேன் போறதப் பாக்கல, பின்னாடி கடைங்களப் பாத்துட்டிருந்தாங்க, எது வரைக்கும் தண்ணி ஏறியிருக்குன்னு.

யாரும் வேலைன்னு எதுவும் பெருசா செய்யல. அண்ணன் மாட்டுக்குத் தீவனம் போட்டாரு, பால் கறந்தாரு, ஒரு வார்த்தை பேசல. நானும் மலையாளிப் பொண்ணும் தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லார் நம்பருக்கும் அடிச்சோம். சாத்தனூர் அணையத் திறந்து தென்பெண்ணையில லட்சம் கன அடிக்கு மேல தண்ணி போகுதுன்னு அடுத்த செய்தி. தென்பெண்ணை பிறக்கிறது இங்க தெரியுற நந்தி மலைத் தொடர்லதான், அர்க்காவதியும் அங்கதான், ஒண்ணு கடலூர் போகுது, இன்னொண்ணு பெங்களூருக்கு ஒரு காலத்துல குடிதண்ணி குடுத்துட்டு கனகபுரா தாண்டி காவிரியில சேருது. ஆனா இந்த வெள்ளம் இங்கேருந்து போனது இல்ல, இங்க தூறல்தான். எல்லாம் கீழ பேஞ்ச மழை.

மூணு மணிக்கு அக்காவோட தம்பி ஃபோன் வந்துச்சு. அம்மாவ ஸ்கூல்ல கொண்டு வந்து வெச்சிருக்காங்க. சுவர் ஒண்ணு விழுந்துடுச்சு, ஆடு ரெண்டு போச்சு. ஆளுக்கு ஒண்ணும் இல்ல. அக்கா ஃபோன வெச்சுட்டு, அஜ்ஜி குடுத்த காப்பிய ஒரே மூச்சுல குடிச்சுட்டு, அப்புறம்தான் அழுதாங்க.

டிசம்பர் 3, செவ்வாய்

அக்காவும் அண்ணனும் விடிகாலையிலயே கிளம்பிட்டாங்க. ஓனர் கையில பணம் குடுத்து தொட்டபள்ளாபுரம் வரைக்கும் வண்டியில கொண்டு போய் விட்டாரு, மழை நிக்கல.

தோட்டம் எப்படி ஓடுதுன்னு இன்னைக்குத் தெரிஞ்சது. நாலு ஹள்ளிகார் மாடு. ஹள்ளிகார்னா உழவுக்கும் வண்டிக்கும் பேர் போன இனம், பாலு குறைச்சல், கோவம் ஜாஸ்தி. கன்னுக்குட்டிய முதல்ல விட்டு சுரந்தப்புறம் கறக்கணும், அதுவும் பழகின கைக்குத்தான். ஓனர் உக்காந்தாரு, ஒரு மாடு குடுத்துச்சு, இன்னொண்ணு பக்கெட்ட உதைச்சுது. வீடியோ கால்ல அண்ணன் பஸ்ஸுல இருந்தே சொல்றாரு, "இடது பக்கமா உக்காருங்க, அது பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க"ன்னு. சாணி அள்ளி, தொழுவம் கழுவி, சோளத்தட்டு நறுக்கி, கோமியம் பிடிச்சு வெச்சு முடிக்க எங்க மூணு பேருக்கும் ஓனருக்கும் சேர்த்து பதினோரு மணி ஆயிடுச்சு. ஒரு வேளைக்குத்தான் இது. சாயந்திரம் மறுபடி. இத அவங்க ரெண்டு பேரும் காலையில நாங்க எழுந்திருக்குறதுக்கு முன்னாடியே முடிச்சுட்டு, எங்களோட வந்து பாத்தியில உக்காந்து, எங்களுக்கு களை எடுக்கச் சொல்லிக் குடுத்துட்டிருந்திருக்காங்க.

கறிவேப்பிலை எங்க இருக்குன்னு கூட அக்காவத்தான் கேக்க வேண்டியிருந்துச்சு, அஜ்ஜிக்கே.

டிசம்பர் 4, புதன்

மழை விட்டுச்சு. தொழுவம், தட்டு, தொழுவம். முதுகு. பிரெஞ்சுக்காரன் ஒரு மாட்டோட சிநேகம் ஆயிட்டான், அது அவன் கறந்தா மட்டும் நிக்குது. நாளைக்கும் இதேதான் இருக்கும், எழுத மாட்டேன்.

டிசம்பர் 6, வெள்ளி

வெயில். அக்காவும் அண்ணனும் நேத்து ராத்திரி வந்துட்டாங்க, அம்மாவையும் கூட்டிட்டு. அந்த அம்மாவுக்கு எங்க ஷெட்ல ஒரு கட்டில் போட்டாச்சு, நான் பாய்க்கு மாறிட்டேன். அரசாங்கம் நிவாரணம் குடுக்கும்னு சொல்லியிருக்காங்க, ரேஷன் கார்டு தண்ணியில போனதுக்கு என்ன பண்றதுன்னு அக்காவும் நானும் ரொம்ப நேரம் பேசினோம், ஆதார் நம்பர் வெச்சு நகல் வாங்க ஆன்லைன்ல விண்ணப்பம் போட்டுக் குடுத்தேன். இந்தத் தோட்டத்துல என் படிப்பு உதவினது அதுக்கு மட்டும்தான்.

பத்து மணிக்கு டார்பாலின எடுத்து போரப் பிரிச்சுப் பாத்தோம். அண்ணன் கைய உள்ள விட்டு ஒரு கதிர உருவினாரு, கசக்கி ஊதினாரு, ராகி செவப்பா காஞ்சு உதிர்ந்துச்சு. அடி வரிசையில மட்டும் ஒரு ஓரம் ஈரம் ஏறி வாடை, அத மாட்டுக்குத் தள்ளிட்டாங்க. பக்கத்துக் காட்டுக்காரர் ஆள் கிடைக்காம அப்படியே விட்டிருந்தாரு, அவரு ராகி கதிர்லயே பச்சையா முளைச்சு நிக்குது. 2024-25க்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 4290 ரூபா, ஆனா கருத்த ராகிய கொள்முதல்ல எடுத்துக்க மாட்டாங்க. அவரு வரப்புல நின்னு எங்க போரையே பாத்துட்டிருந்தாரு, ஓனர் போய் அவருகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டு வந்தாரு, விதைக்கு ராகி தரேன்னு சொன்னதா அப்புறம் சொன்னாரு.

நாளைக்கு நான் கிளம்புறேன். சாயந்திரம் ஓனர்கிட்ட இதெல்லாம் எழுதிட்டிருக்கேன்னு சொன்னேன், தோட்டம் பேர் போடாதன்னாரு, ஃபோன் வந்து குவியுமாம். வேற ஒண்ணு எழுதுன்னாரு. ஒரு வாரத்துக்குன்னு யாரும் இனிமே வர வேணாம், குறைஞ்சது மூணு வாரம், ஏன்னா முதல் வாரம் நாங்க உங்களுக்குத்தான் வேலை செய்யுறோம். வர்ற ஜனவரில இருந்து எல்லாருக்கும் முதல் வேலை தொழுவம், பால் கறக்கக் கத்துக்குற வரைக்கும். அக்கா அண்ணன் வருஷத்துல பதினஞ்சு நாளாவது சம்பளத்தோட ஊருக்குப் போய்ட்டு வரணும், அந்தப் பதினஞ்சு நாளைக்கு ஆள் வேணும், அதுக்குத்தான் இனிமே வாலண்டியர். அக்கா பக்கத்துலதான் இருந்தாங்க, நான் தமிழ்ல சொன்னேன். "பொங்கலுக்கா, தீவாளிக்கான்னு கேளு பாப்பா"ன்னாங்க.

பொங்கலுக்கு. பிரெஞ்சுக்காரன் ஏற்கனவே பேர் குடுத்துட்டான்.